செவிக்கினிய அரங்கம்

பெங்களூர் நகரின் தென்கிழக்கே, ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, கோனப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் என்னும் இரு கிராமங்களின் நிலத்தில் 1978-ஆம் ஆண்டில் 332 ஏக்கர் பரப்புள்ள தொழிற்பேட்டை ஒன்று வகுக்கப்பட்டது. கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனத்திற்கு முதல் தலைவராக இருந்த ஆர். கே. பாலிகா என்பாரின் மனத்தில் உருவான திட்டம் அது. மின்னணுக் கருவிகளுக்கென ஏற்பட்ட அவ்விடம், எலெக்ட்ரானிக் சிட்டி என்ற பெயரோடு வளர்ந்து, இன்று கணிப்பொறித் தொழிலின் பெரும் இருப்பிடங்களுள் ஒன்றாகத் திகழ்கிறது. 2010-ல் மேம்பாலச் சாலை திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்டு மாதத்தில் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடமும் வந்து சேர்ந்தது. பகலெல்லாம் உழைத்தவர்கள் மாலையில் ஒரு கச்சேரி கேட்க விரும்பினால், அதற்கென்றே எழுப்பப்பட்ட மண்டபத்தை நாடி நகரின் மறுகோடியிலுள்ள மல்லேசுவரம் வரை செல்வதுண்டு. உள்ளூரிலேயே கேட்பதென்றாலோ, பெரும்பாலும் வேறு காரியத்துக்காகக் கட்டிய இடங்களே கிடைக்கின்றன. நிறுவனங்களின் கூட்ட அறைகள், ஹோட்டல்களின் விருந்து மண்டபங்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொதுக்கூடங்கள், புல்வெளிகள், விநாயக சதுர்த்திப் பந்தல்கள் ஆகியவை அவை.

இத்தகைய மண்டபங்களில் கச்சேரி கேட்டவர்கள், பாட்டு உரக்கவே கேட்டது, ஆனால் சாகித்தியத்தில் ஒரு சொல்லும் விளங்கவில்லை என்று குறைப்படுவதைக் காணலாம். உடனே ஒலிபெருக்கிக்காரரை அழைத்து இன்னும் சற்று ஏற்றச் சொல்வார்கள். அவரும் ஏற்றுவார். குழப்பமும் அதே அளவுக்கு ஏறும். மண்டபம் கெடுத்ததை ஒலிபெருக்கியால் திருத்த இயலாது என்பது பௌதிகத்தில் நன்கு தெளிந்த உண்மை. அதன் காரணம் என்ன, நல்ல அரங்கம் அமைய வேண்டியவை எவை என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஸபைனின் மெத்தைகள்

மேடையில் எழும் ஓசை, கேட்பவர் செவியை நேராக ஒருமுறை அடைகிறது. அதோடு நிற்பதில்லை. சுவரிலும் கூரையிலும் தரையிலும் மோதித் திரும்பி, பல நூறு முறை அலைந்து, ஒவ்வொரு மோதலிலும் சிறிது வலுவிழந்து, இறுதியில் அடங்குகிறது. இவ்வாறு ஓசை நின்ற பின்னும் மண்டபத்தில் தங்கி மெல்லத் தேயும் ஒலியை எதிர்முழக்கம் என்கிறோம். ஒலியின் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைவதற்கு ஆகும் நேரமே அந்த மண்டபத்தின் முழக்கக் காலம் ஆகும்.

இக்காலத்தை முதன்முதலாக அளந்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த வாலஸ் ஸபைன். அப்பல்கலைக் கழகத்தின் ஃபாக் கலைக்கூடத்துச் சொற்பொழிவு அறையில் ஆசிரியர் பேசுவது மாணவர்க்கு விளங்காமையால், காரணத்தைக் கண்டறியுமாறு 1895-ல் அவர் பணிக்கப்பட்டார். ஊரடங்கிய நள்ளிரவுக்குப் பின், ஓர் ஆர்கன் குழலையும் காலங்காட்டும் கருவியையும் துணையாகக் கொண்டு அவர் சோதனை நடத்தினார். ஒரு சொல் அடங்க அந்த அறையில் சுமார் ஐந்தரை வினாடி பிடித்தது. அதற்குள் பேசுபவர் பதினைந்து சொற்களுக்கு மேல் சொல்லிவிடுவார். பக்கத்திலிருந்த நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவல் வாங்கி வந்து ஒவ்வொன்றாக அறையில் அடுக்க, முழக்கக் காலம் படிப்படியாகக் குறைந்தது. தாம் அணிந்த உடையே அளவை மாற்றுவதைக் கண்டு, அதுவரை செய்த அளவுகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, பின்னர் எப்போதும் ஒரே உடையில் வந்து அளந்தாராம். ஆராய்ச்சியில் நேர்மை என்பது இத்தகைய சிறு காரியங்களில்தான் வெளிப்படுகிறது.

அவர் கண்ட விதி மிக எளியது. மண்டபத்தின் கன அளவைக் கன மீட்டரில் கொண்டு, அதை 0.161 என்னும் எண்ணால் பெருக்கி, மண்டபம் உறிஞ்சும் அளவால் வகுத்தால் முழக்கக் காலம் வினாடிக் கணக்கில் கிட்டும். உறிஞ்சும் அளவைக் குறிப்பதற்கு ஸபைன் அழகானதோர் அளவுகோலைத் தேர்ந்தெடுத்தார். திறந்த சாளரத்தின் வழியே சென்ற ஒலி திரும்புவதில்லை. ஆகவே ஒவ்வொரு பொருளும் எத்தனை சதுர மீட்டர் திறந்த சாளரத்துக்குச் சமம் என்று கணக்கிட்டார். பூசிய சுவரும் பளிங்குத் தரையும் தம் பரப்பில் நூற்றில் சில பங்கே சாளரமாகும். தடித்த கம்பளமும் துளையுள்ள பலகையும் பாதிக்கு மேல் ஆகலாம். நாற்காலியில் அமர்ந்த ஒரு மனிதர் ஏறத்தாழ அரைச் சதுர மீட்டர் சாளரத்துக்கு ஈடாவார்.

இப்போது நாமே ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். புதிய குடியிருப்பு ஒன்றில் 24 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் 7 மீட்டர் உயரமும் உள்ள பொதுக்கூடம் கட்டப்படுவதாகக் கொள்வோம். கன அளவு 2,520 கன மீட்டர். சுவர், தரை, கூரை ஆகியவற்றின் மொத்தப் பரப்பு 1,266 சதுர மீட்டர். எல்லாம் பூச்சும் பளிங்கும் கண்ணாடியுமாக இருந்து, நூற்றுக்கு ஐந்து பங்கு உறிஞ்சுவதாக வைத்துக்கொண்டால், வெற்றுக் கூடத்தின் முழக்கக் காலம் 6.4 வினாடி. பிளாஸ்டிக் நாற்காலிகளில் 400 பேர் வந்து நிறைந்தால் 1.5 வினாடியாகக் குறையும். 200 பேரே வந்தால் 2.5 வினாடி. கூட்டம் பாதியானால் பாட்டின் தெளிவும் கெடுகிறது என்பது இதனால் விளங்கும். பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாறாக மெத்தை தைத்த நாற்காலிகளைப் போட்டு, பின்சுவரிலும் கூரையின் ஒரு பகுதியிலுமாக 150 சதுர மீட்டருக்கு நன்கு உறிஞ்சும் பலகைகளைப் பதித்தால், நிறைந்த கூடத்தில் 1.1 வினாடி, வெறுங் கூடத்தில் 1.4 வினாடி என்று இரண்டும் நெருங்கி வந்துவிடும். காலையில் ஒத்திகை பார்த்த கலைஞர் மாலையில் வேறொரு மண்டபத்தில் பாடுவதுபோல் திகைக்க வேண்டியதில்லை.

கண்ணாடியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. எலெக்ட்ரானிக் சிட்டியின் கட்டடங்களில் கண்ணாடிச் சுவருக்குள்ள மோகம் அனைவரும் அறிந்ததே. பெரிய கண்ணாடித் தகடு தாழ்ந்த சுருதியுள்ள ஒலிக்கு இசைந்து அதிர்ந்து அதை உட்கொண்டுவிடும்; உயர்ந்த சுருதியை அப்படியே திருப்பி அனுப்பும். அதன் விளைவாக மந்தர ஸ்தாயி மெலிந்து, தாளத்தின் கூர்மையும் ஜாலராவின் ஒலியும் மட்டும் செவியைத் துளைக்கும். கண்ணாடிக்கு முன் கனத்த திரைச்சீலையை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுவதே எளிய பரிகாரம்.

எந்த இசைக்கு எத்தனை வினாடி?

முழக்கம் முழுவதும் கேடு என்று கருதிவிடலாகாது. அது அறவே இல்லாவிட்டால் இசை வறண்டு தோன்றும். பாடகர் தம் குரல் தம்மிடம் திரும்பி வராமையால் தொண்டையை வருத்திப் பாடுவார். மேனாட்டுப் பெருவாத்திய கோஷ்டிகளுக்கு ஏறத்தாழ இரண்டு வினாடி முழக்கம் உகந்தது என்பர். ஸபைனின் ஆலோசனைப்படி கட்டப்பெற்று 1900-ல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பனி மண்டபம் அவ்வளவுக்கு அண்மையில் அமைந்து இன்றளவும் புகழப்படுகிறது. பல ஸ்வரங்கள் ஒருங்கே ஒலித்துக் கலப்பதே அந்த இசையின் அழகு. நம் இசை ஒற்றை வழியில் செல்வது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு இழைந்து செல்லும் கமகமும், சாகித்தியத்தின் சொல்லும், தாளத்தின் நுணுக்கமும் அதற்கு உயிர். மிருதங்கத்தில் துரித காலத்தில் ஒரு வினாடிக்குப் பத்துச் சொற்கள் விழக்கூடும். அவற்றுக்கிடையே உள்ள நேரம் வினாடியில் பத்தில் ஒரு பங்கே. இரண்டு வினாடி முழங்கும் கூடத்தில் இருபது சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். நமது கச்சேரிக்கு ஒன்று முதல் ஒன்றரை வினாடிக்குள் இருத்தல் நலம் என்பது என் கருத்து.

மிருதங்கத்தின் அருமையைப் பௌதிக முறையில் விளக்கியவர் பேராசிரியர் சி. வி. இராமன். திருச்சிராப்பள்ளியில் பிறந்து 1933 முதல் இறுதிவரை பெங்களூரில் வாழ்ந்தவர் அவர். வலந்தலையின் நடுவே அப்பிய கரிய சோறு, தோலின் அதிர்வுகளை ஒழுங்குபடுத்தி, தந்தி வாத்தியத்தில் போலவே இசைவான மேற்சுரங்களை எழுப்புகிறது என்று 1920-ல் அவர் எடுத்துக்காட்டினார். சாதாரணத் தோற்கருவிகளுக்கு இல்லாத சிறப்பு இது. அத்துணை நுட்பமாகச் சுருதி சேர்த்த கருவி, முழங்கும் மண்டபத்தில் வெறும் தகரத் தட்டலாகிவிடுவது எவ்வளவு வருந்தத்தக்கது!

அவரே 1921-ல் லண்டன் புனித பால் ஆலயத்தின் கிசுகிசு மாடத்தை ஆராய்ந்தார். பின்னர் இந்திய மண்டபங்களைப் பற்றியும் எழுதினார். கர்நாடகத்தின் பிஜாப்பூரிலுள்ள கோல் கும்பஸ் அவ்வகையில் உலகப் புகழ் பெற்றது. சுமார் 38 மீட்டர் அகன்ற அதன் குவிமாடத்தின் உள்ளே ஒருமுறை கை தட்டினால் ஒலி பல முறை திரும்பி வருகிறது. பார்க்கச் செல்பவர்க்கு அது வேடிக்கை. பாடுபவர்க்கோ பெருந்தொல்லை. வளைந்த உட்புறங்கள் ஒலியை ஓரிடத்தில் குவித்து மற்ற இடங்களை வறுமையில் விடுகின்றன. ஆகவே குவிந்த கூரையும் அரைவட்டப் பின்சுவரும் எவ்வளவு எழிலாயினும் இசைக்கு ஆகா.

முந்தி வருவதும் பிந்தி வருவதும்

திரும்பி வரும் ஒலிகளில் நல்லவையும் உண்டு, தீயவையும் உண்டு. காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. நேரொலிக்குப் பின் வினாடியில் இருபதில் ஒரு பங்குக்குள் வந்து சேரும் பிரதிபலிப்பைச் செவி தனியாக உணர்வதில்லை. நேரொலியோடு சேர்த்து அதை வலுவூட்டிக்கொள்கிறது. அதாவது சுற்றி வந்த வழி 17 மீட்டருக்குள் அதிகமாயிருந்தால் நன்மை. மேற்கூறிய கூடத்தின் நடுவே, மேடைக்கு 8 மீட்டர் தொலைவில் அமர்ந்தவர்க்குப் பக்கச் சுவர் வழி வரும் ஒலி ஏறத்தாழ 17 மீட்டர் கடந்து வருகிறது. வேற்றுமை 9 மீட்டரே. பக்கச் சுவர் அவருக்கு நண்பன். முன்வரிசையில் இருப்பவர்க்கோ பின்சுவரிலிருந்து வருவது 40 மீட்டருக்கு மேல் சுற்றி வருவதால் தெளிவான எதிரொலியாகவே கேட்கும். உறிஞ்சும் பலகையைப் பின்சுவரில் பதிக்க வேண்டும், பக்கச் சுவரின் முன்பகுதியில் பதிக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே. அழகுக்காக நான்கு சுவரிலும் சமமாகப் பஞ்சுப் பலகை ஒட்டும் வழக்கம் பணத்தையும் ஒலியையும் ஒருங்கே வீணாக்குகிறது.

மேடைக்கு மேலே தாழ்ந்த கூரை இருந்தால் மிக நன்று. இதைக் கருதும்போது சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை நினைவுக்கு வருகிறது. மாதவி ஆடிய அரங்கு ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையது. மேடைத் தளத்திலிருந்து மேற்பலகை வரை நான்கு கோல் என்று இளங்கோவடிகள் அளவு தருகிறார். ஒலிநூல் கருதி வகுத்தார்களோ அல்லவோ, அகலத்தில் பாதியை விடச் சற்றே மிக்க உயரத்தில் மரப்பலகை இருந்தால், அது பாடலையும் யாழையும் குழலையும் அவையோரை நோக்கித் திருப்பியிருக்கும் என்பதில் ஐயமில்லை. இன்றைய விருந்து மண்டபங்களில் மேடைக்கு மேல் இருப்பது பெரும்பாலும் விளக்குத் தொங்கும் வெற்றிடமே.

மல்லேசுவரத்துச் சவுடய்யா நினைவு மண்டபத்தைப் பற்றிச் சொல்லாமல் பெங்களூரில் இசையரங்கைப் பற்றிப் பேச முடியாது. 1980-ல் நிறைவுற்ற அக்கட்டடம் தந்தி, குதிரை, வில் எல்லாம் அமைந்த வயலின் உருவத்திலேயே எழுப்பப்பட்டது. வயலின் வித்துவான் டி. சவுடய்யா (1895–1967) நான்கு தந்திகளோடு மேலும் மூன்றைச் சேர்த்து ஏழு தந்தி வயலினை வாசித்தவர். ஒலிபெருக்கி பரவாத காலத்தில் கடைசி வரிசைவரை வாத்தியம் கேட்கவேண்டும் என்பதே அவர் நோக்கம். மண்டபத்துக்கு ஏற்ப வாத்தியத்தையே மாற்றிய மேதைக்கு வாத்திய வடிவில் மண்டபம் எழுந்தது பொருத்தமே. ஆயினும் வயலின் வடிவுள்ள கட்டடம் வயலின்போல் ஒலிக்கும் என்று எண்ணுவோர் உளர், அது தவறு. வயலினின் உடல் மெல்லிய மரத்தாலாகி, தந்தியோடு தானும் அதிர்ந்து ஒலியை வெளியே வீசுகிறது. காங்கிரீட்டுச் சுவர் அவ்வாறு அதிர்வதில்லை, அதிரவும் கூடாது. வெளி வடிவம் மரியாதைக்கு. உள்ளே செவிக்கு உதவுவன அளவும் பரப்பும் பொருளுமே.

அமைதியின் விலை

அரங்குக்கு முதல் தேவை ஓசையன்று, அமைதி. தம்புராவின் நுண்ணிய நாதமும், ஆலாபனை முடிந்து பாடகர் மூச்சு வாங்கும் கணமும் கேட்கவேண்டுமானால், ஆளில்லாத அரங்கின் பின்னணி ஒலி 25 டெசிபெல் அளவுக்கு மேற்படலாகாது. சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபெல் என்பதை ஒப்பிட்டுக் கொள்க. குளிர்சாதனப் பொறியின் காற்று குறுகிய குழாயில் விரைந்து ஓடினால் சீறும். அகன்ற குழாயில் மெல்லச் சென்றால் ஒலியாது. குழாயை அகலமாக்குவதற்குச் செலவு அதிகந்தான். நெடுஞ்சாலையின் கனரக வண்டிகள், மின்சாரம் நின்றபோது ஓடும் டீசல் எஞ்சின், மேம்பாலத்தில் செல்லும் ரயில் ஆகியவற்றின் தாழ்ந்த அதிர்வு காற்றின் வழியே அன்றித் தரையின் வழியாகவும் ஏறி வரும். அதற்கு ஜன்னலை மூடிப் பயனில்லை. அரங்கின் தளத்தை ரப்பர் தாங்கிகளின்மீது தனித்து நிறுத்தவேண்டும். அதை அஸ்திவாரம் போடும்போது செய்யவேண்டுமே தவிர, திறப்பு விழாவுக்குப் பிறகு செய்ய வழியில்லை.

பிந்திச் செய்த திருத்தத்துக்கு எவ்வளவு செலவாகும் என்பதற்கு நியூயார்க் நகரத்துப் பில்ஹார்மானிக் மண்டபம் சான்று. ஒலிநூல் வல்லுநர் லியோ பெரானெக் சுமார் 2,400 இருக்கைகளே தகும் என்று கூறியிருக்க, இருக்கைகளைப் பெருக்கி, வடிவத்தையும் மாற்றி, 1962-ல் அதைத் திறந்தனர். ஒலி சரியாக அமையவில்லை. பல திருத்தங்களும் பயன்படாமற் போகவே, 1976-ல் உட்புறம் முழுவதையும் இடித்துச் சிரில் ஹாரிஸ் என்னும் நிபுணரின் யோசனைப்படி மீண்டும் அமைத்தனர். அதுவும் முழு நிறைவு தராமல் மூன்றாம் முறையாக அமைத்து, இருக்கைகளைச் சுமார் 2,200 ஆகக் குறைத்து, 2022-ல் திறந்தனர். அதே ஹாரிஸ் துணைநின்று கட்டப்பெற்று 1980-ல் திறக்கப்பட்ட பம்பாய் டாட்டா தியேட்டர் வேறு வகை. இந்திய இசைக்கென ஆயிரத்துச் சொச்சம் இருக்கைகளோடு நிறுத்தி, மேடையைச் சுற்றி அவையோரை அண்மையில் அமர்த்தி, ஒலிபெருக்கியின்றியே கேட்கத்தக்கவாறு அது வகுக்கப்பட்டது. இருக்கையைக் குறைக்க மனம் வராத நிர்வாகிகளுக்கு இவ்விரண்டும் ஒருசேரப் படிக்கத்தக்கவை.

வானமே கூரையானால்

பெங்களூரின் இதமான மாலைகளில் புல்வெளிக் கச்சேரியும் பந்தற் கச்சேரியும் இயல்பானவை. 1939-ல் தோன்றிய ஸ்ரீராமசேவா மண்டலியின் இராமநவமிக் கச்சேரிகள் சாமராஜபேட்டைக் கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்துப் பந்தலில் நடந்து புகழ்பெற்றவை. வெட்டவெளியில் முழக்கம் இல்லை. ஆனால் உதவும் சுவரும் இல்லை. தொலைவு இருமடங்காகும்தோறும் ஒலி 6 டெசிபெல் குறையும். மேடையருகே மட்டும் இரண்டு பெரிய பெட்டிகளை வைத்து, 80 மீட்டருக்கு அப்பால் உள்ளவர்க்கு 85 டெசிபெல் எட்டச் செய்தால், 5 மீட்டரில் இருப்பவர் 109 டெசிபெல்லைத் தாங்கவேண்டும். இசை நிகழிடங்களில் கால்மணி நேரச் சராசரி 100 டெசிபெல்லைக் கடக்கலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022-ல் வரையறுத்திருக்கிறது. முன்வரிசையில் குழந்தைகளை உட்காரவைப்பவர்கள் இதைக் கவனிப்பாராக.

பரிகாரம் சிறிய பெட்டிகளைப் பந்தலின் நெடுகப் பரப்பி வைப்பதே. அவ்வாறு செய்யும்போது 50 மீட்டர் அப்பாலுள்ள பெட்டிக்குச் செல்லும் மின்னலையை ஏறத்தாழ வினாடியில் ஏழில் ஒரு பங்கு தாமதப்படுத்தவேண்டும். முதலில் வந்த ஒலி எத்திசையிலிருந்து வந்ததோ அத்திசையிலேயே பாடகர் இருப்பதாகச் செவி முடிவு செய்துவிடும் என்று 1949-ல் ஜெர்மானியரான ஹெல்முட் ஹாஸ் கண்டறிந்தார். தாமதம் சரியாக அமைந்தால் பக்கத்துப் பெட்டியே ஒலிப்பினும் பாட்டு மேடையிலிருந்து வருவதாகவே தோன்றும்.

அயலாரையும் எண்ணிப் பார்க்கவேண்டும். பகலில் தரையருகே காற்று சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து அகன்றுவிடுகிறது. இரவில் தரை குளிர்ந்து மேற்காற்று வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தொலைவு செல்லும். மாலை ஆறு மணிக்கு எட்டாத பாட்டு ஒன்பது மணிக்கு அடுத்த குடியிருப்பின் படுக்கையறையில் கேட்பது இதனாலேயே. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி பகலில் தொழிற்பகுதிக்கு 75 டெசிபெல்லும் குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபெல்லும் வரம்பு. ஒலிபெருக்கி வைத்த பொது இடத்தின் எல்லையில், அப்பகுதியின் வரம்புக்கு மேல் 10 டெசிபெல் அல்லது 75 டெசிபெல், இவற்றுள் எது குறைவோ அதுவே உச்சம். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடையுண்டு. மூடிய அரங்குகளுக்கு விலக்கு உண்டு. தொழிற்கூடமும் அடுக்குமாடி வீடுகளும் மதில் ஒட்டி நிற்கும் எலெக்ட்ரானிக் சிட்டியில், புல்வெளியின் ஒரு மதிலில் ஒரு வரம்பும் எதிர்மதிலில் வேறொரு வரம்பும் பொருந்தக்கூடும். மேடையின் முகத்தை எப்பக்கம் திருப்புவது என்பதை இதைக்கொண்டே முடிவு செய்யவேண்டும்.

விழாக் குழுவினர் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுக்குமுன், அது காலியாயிருக்கும்போது நடுவில் நின்று ஒருமுறை உரக்கக் கை தட்டிப் பார்க்கலாம். ஒலி மெல்லத் தேய்ந்தால் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொள்க. மூன்றுக்குமேல் சென்றால் திரைச்சீலைக்கும் கம்பளத்துக்கும் பணம் ஒதுக்கவேண்டும். தட்டியது தனியாகத் திரும்பி வந்தால் குற்றம் பின்சுவரில். படபடவென்று நடுங்கிக் கேட்டால் ஒன்றையொன்று எதிர்நோக்கும் இரு வெற்றுச் சுவர்களில். பிறகு குளிர்சாதனப் பொறியை இயக்கச் சொல்லி, கடைசி வரிசையில் அமர்ந்து, மேடையிலிருந்து ஒருவரை ஒலிபெருக்கியின்றி இயல்பான குரலில் பத்துப் பெயர்களை வாசிக்கச் சொல்லுக. எட்டுப் பெயராவது விளங்கினால் முன்பணம் கொடுக்கலாம்.